சிலிகோன் மேக்கப்பை எப்படிக் கழுவுவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. மகள் தேறிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். பதில் தாமதமானதற்கு லேபில் ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோஎமல்ஷன் (எண்ணெயும் நீரும் பிரியாமல் தெளிவாகக் கலந்து நிற்கும் கலவை) வேலைதான் காரணம்.

நாள் முழுக்க அழியாத லிப்ஸ்டிக்கை எடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தாய். அதில் டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் என்று ஒரு சிலிகோன் பிசின் இருக்கும். அதைக் கரைத்து வைத்திருப்பது ஐசோடோடெகேன் என்ற லேசான எண்ணெய். பூசியதும் இது ஆவியாகிவிடும். நிறத்தைப் பிடித்துக்கொண்டு பிசின் படலம் உதட்டில் தங்கிவிடும். எண்ணெய் எதையும் கரைக்கும் என்று நம்பி ஆமணக்கெண்ணெயில் தொடங்கினேன். கையில் தேய்க்கத் தேய்க்க அழுக்குபோல் திரண்டதே தவிர கரையவில்லை. அப்புறம் அதே ஐசோடோடெகேனை வைத்தேன், உடனே இளகியது. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்ற சிலிகோன் திரவமும் கரைக்கும்தான், ஆனால் கழுவிவிடும் பொருட்களில் அது 0.1 சதவீதத்தை எட்டக்கூடாது என்று 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. அதனால் விட்டுவிட்டேன்.

வெறும் ஐசோடோடெகேனைப் பூசினால் தண்ணீரில் கழுவ வராது. அதற்குத்தான் மைக்ரோஎமல்ஷன். ஐசோடோடெகேன், நீர், சர்ஃபாக்டன்ட் (எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் சோப்பு போன்ற பொருள்) எல்லாம் சேர்ந்து பால்போல் கலங்கியிருந்த குடுவைக்குள், அவை கலக்க உதவும் ஹெக்ஸேன்டையாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு லேசாகச் சுழற்றினேன். ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்துவிட்டது. பின்னால் வைத்திருந்த தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. எண்ணெயும் நீரும் பஞ்சின் துளைகள்போல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் நிலைதான் நமக்கு வேண்டியது. எண்ணெய்ப் பகுதி படலத்தை நேராகத் தொடும். தண்ணீர் பட்டதும் துளிகளாக உடைந்து அழுக்கோடு போய்விடும்.

தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. முதல் கலவையில் எத்தாக்ஸிலேட் வகை சர்ஃபாக்டன்டைப் போட்டேன். 25 டிகிரியில் கண்ணாடிபோல் இருந்தது, 40 டிகிரியில் ஓர் இரவு வைத்ததும் இரண்டாகப் பிரிந்து நின்றது. சூடேறினால் அந்த வகை நீரைவிட்டு எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும். சர்க்கரையிலிருந்து வரும் சர்ஃபாக்டன்டான கேப்ரிலைல் குளுக்கோசைடு சூட்டுக்கு அவ்வளவாக அசையாது, அதனால் அதற்கு மாறினேன்.

இப்போது சிக்கல் கண்தான். மஸ்காராவையும் இதிலேயே எடுக்க வேண்டும், ஆனால் சர்ஃபாக்டன்ட் 20 சதவீதம் இருக்கிறது, எரிகிறது. குறைத்தால் மறுபடி கலங்குகிறது. நீ பெயின்ட் வேலையில் இருந்தபோது சர்ஃபாக்டன்டைப் பாதியாக்கியதாகச் சொன்ன ஞாபகம். அப்போது கூடவே என்ன சேர்த்தாய்? அந்தப் பழைய நோட்டு இருந்தால் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்