சுவரோரம் இருந்த பாட்டில்

சத்துவாச்சாரி, வேலூர்
11.5.2025

அன்புள்ள சரோ,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். பேரனுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று பார்த்ததும்தான் நிம்மதி. கோவையில் மழை பெய்ததாக எழுதியிருக்கிறாய், கொடுத்துவைத்தவள். இங்கே அக்னி நட்சத்திரம். நம் ஊர் வெயிலை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு 86 ஆகிறது. நாள் முழுக்க ஏர்கூலர் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். நாலு மணி ஆனால் பவண்டோ கேட்கிறாள். சர்க்கரை இருப்பதால் அரை டம்ளருக்கு மேல் நான் கொடுப்பதில்லை. அதற்கு என்மேல் கோபம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "2017-இல் ஒரே நாளில் கோக்கை விட்டவள் நீ. நெரூதாவை மட்டும் ஏன் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாய்? அந்தப் பக்கத்தைப் படித்த அன்றே என்னிடம் இருந்ததைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். சிலே நாட்டுக் கவிஞர் நெரூதா, ஒரு பெண்ணுக்குத் தான் செய்த கொடுமையைத் தன் நினைவுக் குறிப்புகளில் தானே எழுதிய பக்கம். நாலு நாளாக அதே நினைப்புதான்.

முதலில் கோக். அந்த வருஷம் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியிலேயே மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்தது. அதே மாதம் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்தச் சூட்டோடு வணிகர் சங்கங்கள், இந்தக் கம்பெனிகள் நம் தண்ணீரை உறிஞ்சுகின்றன, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றன. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி மோரும் நன்னாரி சர்பத்தும் அடுக்கினார். நானும் அன்றோடு நிறுத்தினேன். ஆனால் எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை, சரோ. பிடிக்காததை விட்டதற்கு எனக்கு நீ பெருமை சேர்க்காதே. கஷ்டப்பட்டது நீதான். தம்ஸ் அப்பும் 1993-லேயே கோக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது என்று நான் போனில் சொன்னதும், ஒரு நிமிஷம் நீ பேசவே இல்லை. பிறகு, "சரி, அதுவும் வேண்டாம்" என்றாய். ஒரு வருஷம் தொடவில்லை.

சினிமா இடைவேளையில் நீ தம்ஸ் அப் குடிப்பது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணாந்து ஊற்றிக்கொள்வாய். மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தால்தான் உனக்குத் திருப்தி. எனக்குக் காளிமார்க் பவண்டோதான். அதன் திராட்சை வாசனை, குடித்து அரை மணி நேரம் கழித்தும் தொண்டையில் நிற்கும். நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த கம்பெனி, 1916-இல் ஆரம்பித்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். சின்ன வயதில் அந்த ருசிக்காகத்தான் குடித்தேன். இன்றைக்கும் அந்த ருசிக்காகத்தான்.

அப்பாவுக்கு இந்தக் கலர் எதுவும் ஆகாது. "சோடாவுக்கு ருசியே தண்ணீர்தான், மத்ததெல்லாம் சாயம்" என்பார். பாலாற்றில் ஊற்று தோண்டி எடுத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், அவருக்கு அது தெரியும். அந்த ஆற்றைக் கோலா கெடுக்கவில்லை. வாணியம்பாடியில் தொடங்கி ராணிப்பேட்டை வரை தோல் பதனிட்ட கழிவுதான் இறங்கியது. சுப்ரீம் கோர்ட்டே 1996-இல் தீர்ப்பில் சொன்ன விஷயம். நம் தெருவில் பாதி வீட்டில் ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. கோக்கை விட்ட மாதிரி அதை ஒரே நாளில் யார் விட முடியும்?

கொசப்பேட்டையில் எங்கள் சோடாக் கடையை மறந்திருக்க மாட்டாய். முன்பக்கம் கடை, பின்கட்டு வீடு. அப்பா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மெஷினில் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். பாட்டில் தலைகீழாகும்போது கோலி உருண்டு கழுத்துக்கு வரும். கேஸ் அதை ரப்பர் வாஷரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தனியாக மூடி கிடையாது. பாட்டில் வெடித்துக் கண்ணாடி தெறித்த தழும்புகள் அப்பாவின் இடது முன்கையில் அரிசி அரிசியாக இருக்கும். பாட்டில் கழுவுவது என் வேலை. தண்ணீர் விட்டுக் குலுக்கினால் உள்ளே கோலி கலகலவென்று ஆடும். கழுவிய பாட்டிலெல்லாம் மரப்பெட்டிக்குப் போகும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் தொட்டிப் பக்கம் வராமல் பின்சுவரோரம் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் பேராசிரியை சொல்வாரே, "எழுத்தைப் பார், எழுதியவனைப் பார்க்காதே" என்று. அப்போது அது சரியாகப் பட்டது. இப்போது இல்லை. 1985 ஏப்ரலில் கோக் கம்பெனி அமெரிக்காவில் தன் பழைய பக்குவத்தை மாற்றியது. சுமார் 2 லட்சம் பேருக்குப் பெயர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்து, புதியதுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்ன பிறகே மாற்றினார்கள். கடைக்கு வந்ததும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெயர் தெரியாமல் குடித்தபோது நாக்கு மட்டும் குடித்தது. தெரிந்து குடிக்கும்போது மனுஷன் முழுசாகக் குடிக்கிறான். படிப்பதும் எனக்கு அப்படித்தான். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு என்னால் ஒரு கவிதையைப் படிக்க முடியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் உன்னோடு சண்டை போட வேண்டும். பெருமாள்முருகன், சல்மான் ருஷ்டி, நெரூதா மூவரையும் 'சர்ச்சைக்குரியவர்கள்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டாய். இது நியாயமே இல்லை. 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். 2014 கடைசியில் அதைத் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அந்த மனுஷன் தன் கையாலேயே எழுத நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லித்தான் மறுபடி பேனாவைத் தொட்டார். ருஷ்டிக்கு 2022-இல் மேடையிலேயே கத்திக்குத்து, ஒரு கண் போயிற்று. இவர்கள் கதை எழுதியதற்காக அடிபட்டவர்கள். அவர்கள் எழுத்து உனக்குப் பிடிக்காமல் போகலாம், அது வேறு. நெரூதா இந்த விஷயத்தில் அடிபட்டவர் இல்லை. அவர் செய்தவர்.

அவரை எனக்குக் கொடுத்ததே நீதான், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வருஷம் படிக்கும்போது, யாரோ மொழிபெயர்த்த கவிதைகளின் ஜெராக்ஸ், ஓரமெல்லாம் கறுப்பு மை அப்பியது. காதல் கவிதைகளுக்கு நீ உருகினாய். என்னைப் பிடித்தது வெங்காயத்தையும் தக்காளியையும் பாடியவைதான். சமையல்கட்டில் கிடக்கும் ஒன்றை ஒரு பெரிய கவிஞர் அவ்வளவு நேரம் நின்று பார்ப்பார் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இரண்டு வேளையும் வெங்காயம் நறுக்கிய இத்தனை வருஷத்தில், எத்தனையோ நாள் அந்த வரிகள் கூட நின்றிருக்கின்றன. பழைய பேப்பர்காரருக்கு எதைத் தூக்கிப் போட்டாலும் இதை நான் எங்கே போய் எடுத்துப் போடுவேன்?

அப்புறம் அந்த நினைவுக் குறிப்புகள். அவர் 1973-இல் இறந்தார், புத்தகம் 1974-இல் வந்தது. நீ வலைத்தளத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் படித்ததாக எழுதியிருக்கிறாய். நான் முழுப் புத்தகத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். 1929-இல் கொழும்பில் தூதரக வேலை, வெள்ளவத்தையில் கடலோர பங்களா. காலையில் கழிப்பறை வாளி காலியாகி இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார். ஒரு பெண் வந்து வாளியைத் தலையில் எடுத்துப் போகிறாள். தமிழ்ப் பெண் என்று எழுதுகிறார், சாதியையும் எழுதுகிறார். அவள் நடையைத் தேவியின் நடை என்கிறார். கூப்பிடுகிறார், வழியில் பட்டும் பழமும் வைக்கிறார், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை அவள் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போகிறார். நடந்த அவ்வளவு நேரமும் அவள் கண்ணைத் திறந்தபடியே சிலை மாதிரி கிடந்தாள் என்றும், தன்னை அவள் இகழ்ந்தது சரிதான் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

சிலே நாட்டிலேயே 2018-இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கக் கூடாது என்று பெண்கள் எதிர்த்தார்கள். அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

என்னை உலுக்கியது அந்தப் பத்தியில் ஒரு சின்ன விஷயம். அவளோடு பேசத் தன்னிடம் ஒரு மொழியும் இல்லை என்கிறார். அவளுக்கு மொழி இருந்தது, சரோ. தமிழ். நானும் நீயும் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இதே தமிழ். வெங்காயத்தின் தோலை அடுக்கடுக்காகப் பார்த்த கண் அவளைச் சிலையாகத்தான் பார்த்தது. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உலகத்தில் அவளைப் பற்றி மிஞ்சியிருப்பதே அந்த ஒன்றிரண்டு பக்கம்தான், அதுவும் அவளைக் கெடுத்தவன் கையால் எழுதியது. நான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டால் அவரோடு சேர்ந்து அவளும்தான் என் வீட்டை விட்டுப் போவாள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. காதல் கவிதைகளை இனி யாருக்கும் கல்யாணப் பரிசாகக் கொடுக்க மாட்டேன். என் மருமகள் எடுத்துப் படித்தபோது அந்தப் பக்கத்தையும் பிரித்துக் காட்டினேன். அவள் கவிதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் படித்தாள்.

இப்போது அந்தப் பாட்டில். நம் தெருவில் அப்போது எல்லா வீட்டிலும் எடுப்புக் கக்கூஸ்தான். பின்சந்து வழியாகக் காலையில் ஓர் அம்மா வருவார், தகர வாளியோடு. கழுத்து நீண்டு, ஒல்லியாக, மூக்கில் இரண்டு பக்கமும் பொட்டு மூக்குத்தி. கோடையில் வேலை முடிந்து போகும்போது அப்பா அவருக்கு ஒரு சோடா கொடுக்கச் சொல்வார். காசு வாங்க மாட்டார். அதை அப்பாவின் நல்ல மனசு என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்திருந்தேன். அந்த சோடா வரும் பாட்டில்தான் சுவரோரம் தனியாக இருந்தது. வாய் சில்லு போனது, விற்பனைக்கு ஆகாதது. அதை அவரே கழுவி அங்கேயே வைத்துவிட்டுப் போவார். நான் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதாகவும் ஞாபகமில்லை. எட்டு வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

நெரூதா செய்ததும் நாங்கள் செய்ததும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவர் செய்தது பலாத்காரம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் வாளியோடு வருகிற பெண்ணுக்கு எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு பவண்டோ கொடுத்துவிட்டுக் கேட்டேன். நம்ம பின்சந்தில் வருவாங்களே, அவங்க பேர் என்னம்மா? அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வெளிர்நீலச் சேலை கட்டிக்கிட்டு வருவா. ரெண்டு பொண்ணுங்க" என்றாள். பேரு? "பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையேம்மா" என்றாள். மிச்சத்தைக் குடிக்கவில்லை.

உன் சாந்தாக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் சந்துப் பக்கம் நின்று அந்த அம்மாவோடு பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். மூத்த பெண் சாந்தாக்காவோடு நகராட்சிப் பள்ளியில் ஒரே வகுப்பு என்றும் ஞாபகம். அக்காவிடம் கேட்டு எழுது. அந்த அம்மா பெயர், பெண்கள் பெயர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு எது தெரிந்தாலும் எழுது. கடிதம் போட நேரமாகும் என்றால் போன் பண்ணிவிடு, அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
விஜயா