நாய்களுக்கான தீனிப் பொம்மை தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே, வடிவமைப்பாளர்களே, உறையில் என்ன அச்சிடுவது என்று முடிவு செய்பவர்களே,

வணக்கம். உருட்டினால் தீனி உதிரும் பந்து, உள்ளே அடைத்துக் கொடுக்கும் ரப்பர் கூம்பு, மூடியை நகர்த்தினால் பண்டம் தெரியும் புதிர்ப்பலகை, நக்கித் தின்னும் விரிப்பு, கைப்பேசியைத் தொட்டால் தீனியை வீசும் கேமராப் பெட்டி என எல்லாவற்றையும் செய்கிறவர்கள் நீங்கள். நான் நாய்களோடு வாழ்பவள். பிறர் வீட்டு நாய்களைப் பழக்கவும் உதவுகிறவள். உங்கள் பொருட்களை நாள்தோறும் பயன்படுத்துகிறேன், அடுத்தவருக்கும் பரிந்துரைக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். வாங்கும் மனிதரின் கண்ணைக் கவர்வதற்காக இவற்றைச் செய்யாதீர்கள். உருட்டப்போகும் நாயின் மூக்குக்கும் வாய்க்கும் மனத்துக்கும் ஏற்றபடி செய்யுங்கள். செய்த பொருளைப் பற்றிய உண்மையை உறையில் எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

உங்கள் தொழிலே நாயைக் கவனித்ததில் பிறந்தது. 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் ஃபிரிட்ஸ், கற்களைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஃபோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழன்ற ரப்பர் பாகம் ஒன்றைக் கண்டதும் அது கல்லை விட்டுவிட்டது. காங் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க விற்கும் ரப்பர் கூம்பு அதிலிருந்து வந்தது. சுவீடனின் நீனா ஒட்டோசன் 1990களின் தொடக்கத்தில் மரப்பலகையில் புதிர்கள் செய்யத் தொடங்கினார். கைக்குழந்தைகள் வந்தபின் நாய்களோடு செலவிட நேரம் குறைந்துபோனது அவருக்கு உறுத்தியது. வீட்டுக்குள்ளேயே அவற்றின் மூளைக்கு வேலை கொடுக்க வழி தேடினார். இருவருக்கும் முன்னால் ஒரு நாய் இருந்தது. இன்று சந்தைக்கு வரும் பல பொம்மைகளைக் கையில் எடுத்தால், அவற்றை வரைந்தவருக்கு முன்னால் ஒரு நாய் இருந்ததா என்ற சந்தேகம் எனக்கு எழுகிறது.

தீனிப் பொம்மை வெறும் பொழுதுபோக்குச் சாமான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், பக்கத்துத் தட்டில் தீனி சும்மாவே கிடந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி அழுத்தித் தீனி பெற்றன. 1970களில் ஹால் மார்கோவிட்ஸ் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் உயிரியல் பூங்காவில் கிப்பன் குரங்குகள் நெம்புகோலை இயக்கித் தங்கள் உணவைத் தாமே பெறும்படி ஏற்பாடு செய்தார். கூண்டு விலங்குக்கும் செய்ய ஒரு வேலை வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வலுப்பட்டது. நாய்கள் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். சில நாய்கள் உழைத்துத் தின்பதை விரும்பும், சில தட்டை நோக்கியே போகும். ஆனால் 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் பீகிள் நாய்களிடம் கண்டது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஒரு கருவியை இயக்கக் கற்று அதனால் பரிசு பெற்ற நாய்கள் சோதனை இடத்துக்கு ஆவலோடு ஓடின, வாலை அதிகம் ஆட்டின. அதே பரிசை, எதுவும் செய்யாமலே, அதே நேரத்தில் பெற்ற நாய்கள் அங்கே போகவே தயங்கின. பண்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தன் செயலால் ஒன்று நடந்தது என்ற உணர்வு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது.

ஆக, நீங்கள் விற்பது அந்த உணர்வை. அது நாய்க்குக் கிடைக்கிறதா என்பதுதான் பொம்மையின் தரம். உறையிலோ "மணிக்கணக்கில் விளையாடும்" என்றே எழுதுகிறீர்கள். நேரத்தை அளக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு நாய் அரை மணி நேரம் ஒரு பந்தோடு மல்லுக்கட்டுகிறது என்றால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பொருளாகாது. அதன் உடலைப் பாருங்கள். மூக்கு தரையோடு ஓட, வால் தளர்ந்து ஆட, ஒரு பண்டம் விழுந்ததும் அடுத்ததைத் தேடிப் போனால் அது தேடலில் திளைக்கிறது. பொம்மையைப் பார்த்துக் குரைத்தால், காலால் அறைந்தால், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சிணுங்கினால், பிளாஸ்டிக்கையே கடித்துத் துண்டாக்கத் தொடங்கினால் அது சலித்துப் போயிருக்கிறது. கேமராவில் பார்க்கும் மனிதருக்கு இரண்டும் "விளையாட்டு" போலத்தான் தெரியும். வேறுபாட்டைச் சொல்லித்தர உறையைவிட நல்ல இடம் எது?

முதல் நாளே கடினமான புதிரைக் கொடுத்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இதனால் பயனில்லை. பிறகு அந்தப் பொம்மை மூலையில் கிடக்கும், வாங்கியவர் "என் நாய்க்குப் புத்தி போதாது" என்பார். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் குறை நாயிடம் இல்லை. துளையின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு வளையம் வையுங்கள். முதல் தடவை துளையை முழுக்கத் திறந்து, லேசாகத் தட்டினாலே உதிரும்படி நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். புதிர்ப்பலகை என்றால் முதலில் மூடியே இல்லாமல், பிறகு பாதி மூடி, பிறகு முழுதும் மூடி என்று படிப்படியாகக் காட்டுங்கள். ஒரே மாதிரியாக மட்டும் திறக்கும் பலகையை நாய் ஒருமுறை கற்றுவிட்டால் அப்புறம் அது இன்னொரு சோற்றுத் தட்டு, அவ்வளவே. பகுதிகளை இடம் மாற்றி அடுக்க முடிந்தால் அதே பொருள் பல மாதம் உழைக்கும்.

மூக்கை மறந்துவிடாதீர்கள். 2019இல் ஷார்லோட் டுரான்டனும் அலெக்ஸாண்ட்ரா ஹொரொவிட்ஸும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி செய்த நாய்கள், ஆளின் காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களைவிட நம்பிக்கையான மனநிலையைக் காட்டின. உள்ளே நன்றாகத்தான் தீனி இருக்கும், ஆனால் காற்றுப்புகாத மூடிக்குள் வாசனை வெளியே வராமல் அடைந்து கிடக்கும் பொம்மைகள் எத்தனையோ! நாய்க்கு அங்கே புதிரே இல்லை, வெறும் ஊகம்தான். சிறு சிறு வாசனைத் துளைகள் போடுவது உங்களுக்குப் பெரிய செலவாகாது. கண் மங்கிய கிழநாய்க்கு அதுதான் வழிகாட்டி. பல் இழந்த நாய்க்கு மென்மையான, நக்கித் தின்னும் வகை வேண்டும். பக் போன்ற தட்டை முகத்து நாய்களின் மூக்கு எட்டாத ஆழக்குழாய்களை "எல்லா இனத்துக்கும்" என்று விற்காதீர்கள்.

நிறம் பற்றி ஒரு வரி. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்கு பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரிப்பது அதற்குக் கடினம். புல்தரையில் சிவப்புப் பந்து நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரிகிறது.

இனி நான் உங்களிடம் மன்றாடியாக வேண்டிய பகுதி. குழந்தைகளின் பொம்மைக்கு உள்ளதுபோல் கட்டாயப் பாதுகாப்புத் தரம் நாய்ப் பொம்மைக்கு அநேகமாக எங்கும் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையிலிருந்து கழலும் எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் அதை விற்க முடியாது. அந்த எளிய உருளை எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கிறது. நாய்க்கு அப்படி ஒரு உருளை இல்லை. நாயின் உடலளவோ 2 கிலோ சிவாவாவிலிருந்து 80 கிலோ மாஸ்டிஃப் வரை போகிறது. சின்ன நாய்க்குப் பாதுகாப்பான பந்து பெரிய நாயின் தொண்டைக்குள் போய் மூச்சை அடைத்துவிடும். "சிறியது, நடுத்தரம், பெரியது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த எடை நாய்க்கு, எவ்வளவு அழுத்திக் கடிக்கும் நாய்க்கு என்று எழுதுங்கள். பந்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் போடுங்கள். பழைய பொம்மையை எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதற்கு ஒரு படம் போடுங்கள்: இவ்வளவு கிழிந்தால், இவ்வளவு தேய்ந்தால் போதும் என்று.

ஒரே ஒரு துளை உள்ள உள்ளீடற்ற பந்துகளை இன்றே நிறுத்துங்கள். நாய் உள்ளே நக்கும்போது காற்று வெளியேறி வெற்றிடம் உண்டாகிறது. நாக்கு உள்ளே இழுபட்டு வீங்கி, வெளியே எடுக்கவே முடியாமல், இரத்தவோட்டம் தடைபட்டுப் போகிறது. நாக்கின் பகுதியையே அறுவை செய்து நீக்கும் நிலை நாய்களுக்கு வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிறு துளை இருந்தால் காற்று உள்ளே போய் இந்த ஆபத்து வராது. இவ்வளவு எளிதில் தவிர்க்கக்கூடிய ஒன்றை யாருடைய நாயும் அனுபவிக்கக் கூடாது.

பல்லும் அப்படித்தான். கல்போன்ற கடினமான நைலானையோ பிளாஸ்டிக்கையோ ஓங்கிக் கடிக்கும்போது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பலகைபோல் பிளந்து விழுகிறது. கால்நடைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் உடைவு இது. நாய் வலியைக் காட்டாமல் தின்றுகொண்டே இருக்கும், வீட்டார் மாதக்கணக்கில் கவனிக்கமாட்டார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றே பள்ளம் விழ வேண்டும், அதற்கு மேல் கடினமான எதையும் கடிக்கும் பொம்மையாக விற்காதீர்கள். "உடையவே உடையாது" என்று எழுதும் ஆசையையும் விடுங்கள். பொம்மை உடையவில்லை என்றால் பல் உடையும்.

உள்ளே போடும் பண்டத்துக்கும் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. உபரிப் பண்டம் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. பொம்மை முழுக்க நிரப்பினால் எத்தனை கிராம் பிடிக்கும் என்று அச்சிட்டால், அந்த அளவைச் சாப்பாட்டிலிருந்து கழிக்க வீட்டாருக்கு எளிது. என்னைக் கேட்டால் நாயின் அன்றாட உலர்தீனியையே பொம்மையில் போடச் சொல்வேன். வேர்க்கடலை வெண்ணெய் அடைக்கச் சொல்லிப் படம் போடும் உறைகளில், சைலிட்டால் கலந்ததைத் தொடவே கூடாது என்ற எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அந்தச் சர்க்கரை மாற்று நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்திவிடும், கல்லீரலையும் கெடுக்கும். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவையும் அதே பட்டியலில் வரட்டும். கூடவே, பொம்மையை இரண்டாகத் திறந்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ முடிய வேண்டும். கைவிரல் நுழையாத மூலையில் ஈரத்தீனி தங்கினால் அங்கே பூஞ்சை பிடிக்காமல் வேறென்ன நடக்கும்?

மின்சாரப் பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பேட்டரி அறையைத் திருகாணி போட்டு மூடுங்கள். விழுங்கப்பட்ட பொத்தான் பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஆகவே நமக்கு அமைதியாகத் தோன்றும் மோட்டாரை நாயின் முன் வைத்துச் சோதித்துப் பாருங்கள். இணையம் அறுந்தாலும் பெட்டி தன் வேலையைச் செய்ய வேண்டும். 2020இல் இத்தகைய தானியங்கித் தீனிப் பெட்டி விற்ற ஒரு நிறுவனத்தின் சர்வர் பல நாள் முடங்கியபோது அதை நம்பியிருந்தவர்கள் தவித்தது உங்களுக்கும் தெரியும்.

கடைசியாக, "பிரிவுப் பதற்றத்துக்குத் தீர்வு" என்ற வாசகம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். சும்மா சலித்திருக்கும் நாய்க்குத் தீனிப் பொம்மை வரம். ஆனால் தனியே விடப்பட்டதும் உண்மையிலேயே நடுங்கிக் கதவைப் பிறாண்டும் நாய், பெரும்பாலும் வாயில் தண்ணீர்கூட வைக்காது. அடைத்து வைத்த பொம்மை, வீட்டார் திரும்பி வரும்வரை தொடாமல் அப்படியே கிடக்கும். அப்படிக் கிடந்தால் அது ஓர் அறிகுறி. கால்நடை மருத்துவரிடமோ விலங்கு நடத்தை வல்லுநரிடமோ போக வேண்டும் என்று உறை சொல்ல வேண்டும். உங்கள் வாசகத்தை நம்பி ஒரு குடும்பம் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பொம்மை வாங்கிக்கொண்டிருக்கும் காலம் முழுக்க அந்த நாய் பயத்தில் வாழ்கிறது. அதேபோல் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் உள்ள வீட்டில் தனித்தனி அறையில் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், தீனிக்கான சண்டையில் காயப்படும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அச்சு உறையில் இவற்றில் எவற்றைச் சேர்க்க முடியும், எவற்றுக்கு அச்சுவார்ப்பு மாற வேண்டும் என்று பொதுவில் பதில் எழுதுங்கள். புது மாதிரியை வெளியிடும் முன் வெவ்வேறு அளவும் வயதும் முகவடிவும் கொண்ட நாய்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் எங்களைப் போன்றோர் மனமுவந்து வருவோம், பார்த்ததை எழுதித் தருவோம். ஒற்றைத் துளைப் பந்துகளை மட்டும் அதுவரை காத்திருக்காமல் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
நாய்களோடு வாழும் ஒருத்தி