கரியோ புவேர்த்தோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

மெக்ஸிகோவின் யுகட்டான் மாநில ஆளுநராக இருந்த ஃபெலிப்பே கரியோ புவேர்த்தோ பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆல்மா ரீடுடன் அவருக்கு இருந்த காதலுக்கே போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பே கரியோ சுட்டுக் கொல்லப்பட்டது யாரையும் உருக்கும் கதைதான். அதற்காக அவருடைய ஆட்சியை இரண்டு பத்திகளில் முடித்துவிடலாமா?

மெக்ஸிகோவில் மாநில ஆளுநரை மக்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர் அவர். கரியோ 1922 பிப்ரவரியில் பதவியேற்று 1923 டிசம்பரில் பதவியை இழந்தார். இரண்டு ஆண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

அன்றைய யுகட்டான் எனெகென் என்ற கத்தாழையை நம்பி வாழ்ந்தது. கயிறு திரிக்க அதன் நார் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும். தோட்ட முதலாளிகள் மெரிடா நகரத்தில் மாளிகை கட்டினார்கள். கத்தாழையை வெட்டிய அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்களோ தோட்டத்துக் கடையில் பற்று வைத்தே கடனாளியாகி, அந்தக் கடனைப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றிவிட்டுச் செத்தார்கள். 1915-இல் ராணுவ ஆளுநராக வந்த சால்வடோர் ஆல்வராடோ இந்தக் கடன் அடிமைமுறையை ஒழித்தார். ஆனால் நிலம் முதலாளிகளிடமே இருந்தது.

கரியோ மொத்துல் என்ற ஊர்க்காரர். மாயா மொழி சரளமாகப் பேசுவார். நாட்டின் அரசியல் சட்டத்தை மாயாவில் சொல்லி, உங்களுக்கும் உரிமை உண்டு என்று கூலிகளிடம் பேசியதற்காகச் சிறை சென்றவர் என்பார்கள். கொஞ்ச காலம் மொரேலோஸ் மாநிலத்தில் உழவர்களின் நில உரிமைக்காகப் போராடிய எமிலியானோ சப்பாட்டாவின் இயக்கத்திலும் இருந்தார். ஊர் திரும்பியதும் கிராமம் கிராமமாக எதிர்ப்புச் சங்கங்கள் அமைத்தார். அவற்றின் பலத்தில்தான் அவருடைய சோஷலிஸ்ட் கட்சி ஜெயித்தது. பதவியேற்ற அன்று அவர் மாயா மொழியில் பேசினார். அதுவரை அரசாங்கத்தின் வாயிலிருந்து தங்கள் மொழியைக் கேட்டிராத ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! இந்த ஒரு காட்சிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் கிராமங்களுக்கு நிலம் ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மெரிடாவில் பல்கலைக்கழகம் தொடங்கினார். பழைய மாயா நகரமான சிச்சேன் இட்சாவுக்குச் சாலை போட்டு, தங்கள் முன்னோர் கட்டியதை மாயா மக்களே போய்ப் பார்க்க வழி செய்தார். அமெரிக்காவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடிய மார்கரெட் சாங்கரின் கருத்தடைக் கையேடு அச்சாகி யுகட்டானில் விநியோகிக்கப்பட்டபோது பழமைவாதிகள் கொதித்தார்கள். அரசு பின்வாங்கவில்லை.

விவாகரத்துச் சட்டத்தைத் தன் காதலுக்காகவே அவர் கொண்டுவந்தார் என்று கட்டுரை சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யுகட்டானில் 1915-லேயே விவாகரத்துக்குச் சட்டம் இருந்தது. கரியோ 1923-இல் அதை மேலும் எளிதாக்கினார். ஆல்மா ரீட் யுகட்டானுக்கு முதலில் வந்ததே அந்த ஆண்டுதான். பெண்களின் உரிமை பற்றி கரியோவின் கட்சி அதற்கு வெகுமுன்பே பேசத் தொடங்கியிருந்தது. ஆல்மா ரீடுக்கும் இது நியாயமில்லை. சிச்சேன் இட்சாவின் புனிதக் கிணற்றிலிருந்து எடுத்த பொருள்கள் ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்குப் போன விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அவர். வெறும் காதலியாக மட்டும் அவரைக் காட்டியிருக்க வேண்டாம்.

அப்புறம் எல்வியா. கரியோவின் தங்கை என்று ஒரே வரியில் வந்து போகிறார். 1912-லேயே மொத்துலில் உழவுக் குடும்பத்துப் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தவர் அவர். அப்போது அண்ணனிடம் எந்தப் பதவியும் இல்லை. 1922-இல் ரோசா டோரே என்ற பெண் மெரிடா நகர மன்றத்துக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டு எல்வியாவோடு பெயாட்ரிஸ் பெனிச்சே, ராக்கேல் ட்சிப் ஆகியோரும் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மெக்ஸிகோ முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1953-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கரியோவைக் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பல கிராமங்களில் சங்கம் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் பிடியில் இருந்தது. மாநிலத்தின் வருமானமே கத்தாழையில் இருந்ததால் அந்தத் தோட்டங்களில் கைவைக்க வெகுநாள் தயங்கினார். கைவிடப்பட்ட தோட்டங்களை எடுத்துக்கொள்ளும் ஆணை வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923 டிசம்பரில் மத்திய அரசை எதிர்த்து டி லா ஹுயெர்த்தா நடத்திய கலகத்தில் அங்கிருந்த படையும் சேர்ந்துகொண்டது. சங்கங்களில் ஆள் இருந்தும் ஆயுதம் இல்லை. கரியோ கடல் வழியாகத் தப்ப முயன்று பிடிபட்டார். ராணுவ விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, 1924 ஜனவரி 3 அன்று மெரிடா கல்லறைத் தோட்டத்தில் அவரையும் மூன்று சகோதரர்களையும் சேர்த்துப் பதின்மூன்று பேரைச் சுட்டார்கள். இதன் பின்னால் தோட்ட முதலாளிகளின் பணம் இருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கட்டுரை இதை வெறும் ராணுவக் கலகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தது சரியில்லை.

அண்ணன் போனதும் எல்வியாவின் பதவியும் போனது, யுகட்டானை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு சான் லூயிஸ் பொத்தோசியில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றார். பெண் என்று சொல்லி அவரை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அதன் பிறகும் ஓயாமல் உழைத்து 1968 வரை வாழ்ந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விவாகரத்துச் சட்டம் பற்றிய வரிக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வர வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், நாகர்கோவில்