அடுத்த டேப்புக்கு முன்னால்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடிஷனில் மூன்றாவது சுற்று வரை போய், கடைசியில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. நான் இப்போது ஆடிஷனுக்கு வருபவர்களுக்கு எதிர் வசனம் படிக்கும் வேலையில் இருக்கிறேன் இல்லையா, அதனால் அந்தப் பக்கம் நடப்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

காஸ்டிங் செய்பவர், அதாவது பாத்திரங்களுக்கு நடிகர்களைத் தேடுபவர், ஒரு சின்னப் பட்டியலைத்தான் கொடுப்பார், முடிவு இயக்குநர், தயாரிப்பாளர் கையில். அந்தக் கட்டத்தில் யார் நன்றாக நடித்தார்கள் என்ற பேச்சே அதிகம் வராது. அண்ணனாக நடிப்பவரின் சாயல் இருக்கிறதா, நாயகிக்குப் பக்கத்தில் உயரம் சரியாக இருக்குமா, தேதி ஒத்துவருமா என்றுதான் ஓடும். அவ்வளவு தூரம் போன நீ உன் நடிப்பில் குறை தேடிக்கொண்டிருக்காதே. வேறு பாத்திரம் வரும்போது முதலில் புரட்டுவது இப்படிக் கடைசி வரை வந்தவர்களைத்தான்.

ஆனால் நீ வீட்டிலேயே நடித்துப் படம்பிடித்து அனுப்பிய ஆடிஷன் வீடியோ, அந்த செல்ஃப் டேப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிச்சம், பின்னணி எல்லாம் சரி. எதிர் வசனத்தை நீயே பதிவு செய்து ஓடவிட்டிருக்கிறாய், அது வேண்டாம்டா. பதிவான குரல் உனக்காக நிற்காது, நீ தயங்கினால் அது தயங்காது, நீ கோபப்பட்டாலும் அதே தொனியில் பேசிக்கொண்டு போகும், அதனால் நீ கேட்பதை விட்டுவிட்டு உன் வரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய், அது கண்ணிலேயே தெரிகிறது. அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் இரண்டு பேரை எதிரெதிரே வைத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாரே, அது எதிரில் இருப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பழகத்தான். யாராவது ஒருவரை கேமராவை ஒட்டி, உன் கண்மட்டத்தில் நிற்க வை. அவர் நடிக்க வேண்டியதில்லை, உன்னைவிடக் கொஞ்சம் தணிந்த குரலில் ஒழுங்காகப் படித்தால் போதும்.

அப்புறம், வேஷம் வாங்கித் தர முன்பணம் கேட்கிறாரே ஒருவர், அவருக்கு ஒரு காசு கொடுக்காதே. காஸ்டிங்குக்குச் சம்பளம் தர வேண்டியது தயாரிப்பு நிறுவனம், நீ இல்லை. விளம்பர ஒப்பந்தத்தில் உன் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கி எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற மாதிரி வரி இருந்தால், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு பணம் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதே. அமெரிக்க நடிகர் சங்கம் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

நீ இப்போது பார்க்கும் வேலையை இப்போதைக்கு விடாதே. வாடகைக் கவலையோடு ஆடிஷன் அறைக்குள் வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன், அந்தப் பதற்றம் பாத்திரத்தை மூடிவிடுகிறது.

அடுத்த டேப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் எனக்குப் போன் போடு. வீடியோ காலில் எதிர் வசனம் நான் படிக்கிறேன், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. காட்சியின் பக்கங்களை மட்டும் முதல் நாளே அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்