கொள்ளி வேண்டாம் என்று சொன்னது பற்றி

அன்பு மகளுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. நன்றாக இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது.

என் உடலை மதுரை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்க உதவட்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது என் விருப்பம் மட்டும்தான். நான் போனபிறகு வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்து ஒப்படைத்தால்தான் அங்கே ஏற்றுக்கொள்வார்கள். சொந்தத்தில் யாராவது முரண்டு பிடித்தால் நேராகத் தத்தனேரி சுடுகாட்டுக்குத்தான்.

எங்கள் கல்யாணத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஐயர் இல்லாமல், தீ வளர்க்காமல் மாலை மாற்றிக்கொண்டோம். உன் தாத்தா மண்டபத்துக்கே வரவில்லை. ஆனாலும் 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இருந்தது. அது சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சொல்லிவிட்டதால் யார் கோபித்தும் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. சாவுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. சாமி கும்பிடாதவன் எப்படிப் போகவேண்டும் என்பதைச் சாமி கும்பிடுகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "நீர்மாலை எடுக்காம, கொள்ளி வைக்காம அனுப்பினா ஆத்மா அலையும்ணே" என்று கண் கலங்கிவிட்டான். அவனோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஆத்மாவில் நம்பிக்கை இல்லை, அவனுக்கு உண்டு. அப்படியென்றால் அவன் கண்ணுக்கு அண்ணன் இருட்டில் அலைவதுபோலத்தானே தெரியும்? மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளி வரியை நானும் கொடுத்துவிடுகிறேன், பந்தியில் நின்று பரிமாறுகிறேன். திருநீறு மட்டும் பூசிக்கொள்வதில்லை. அதை அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அப்படிப்பட்டவனை மூடநம்பிக்கைக்காரன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

அம்மா சரி என்றுவிட்டாள். ஆனால் பதினாறாம் நாள் காரியம் செய்வேன் என்கிறாள். செய்யட்டும். படத்துக்கு விளக்கேற்றட்டும், படையல் போடட்டும், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகவேண்டும் என்றால் நீயே கூட்டிக்கொண்டு போ. நான் இல்லாத வீட்டில் அவள்தான் வாழவேண்டும்; அவளுக்குத் துணையாக இருப்பது எதுவோ அது இருக்கட்டும். என் கொள்கையைச் சொல்லி அவளைத் தடுக்காதே.

ஒன்றை மட்டும் விடாதே. பதினாறாம் நாள் பெண்கள் கூடி உட்காரவைத்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றுகிற சடங்கு. உன் அப்பத்தாவுக்கு அதைச் செய்தபோது நான் வாசலில் நின்றேன். உள்ளிருந்து வந்த அழுகை தாத்தாவுக்கான அழுகையாக எனக்குக் கேட்கவில்லை. அம்மா தானாகக் கழற்றினால் கழற்றட்டும், கடைசிவரை போட்டிருந்தால் போட்டிருக்கட்டும். ஊர் கூடிக் கழற்றக் கூடாது. அத்தைகள் சத்தம் போடுவார்கள். அப்போது நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்திரு.

நீ கும்பிடுகிறாயா இல்லையா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவளாக இருந்தாலும் இதையெல்லாம் உன்னிடம்தான் கேட்பேன்.

அப்புறம், நடைமுறை விஷயங்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். அதற்கு உனக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் வங்கிக்கு உடனே போன் செய்யச் சொல். ஃபேனை நிறுத்திவிட்டு, இமையை மூடி ஈரத்துணி வைக்கவேண்டும். கண் எடுத்தபிறகும் உடலைக் கொடுக்கலாம். நீ சிங்கப்பூரிலிருந்து வந்துசேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம். விபத்து என்று பிரேதப் பரிசோதனை ஆகிவிட்டால் உடலைக் கல்லூரியில் எடுக்க மாட்டார்கள். அப்படியானால் சித்தப்பா விருப்பப்படியே கொள்ளி வைக்கட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

படிவத்தின் நகல் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. கையெழுத்துப் போட அம்மாவோடு சித்தப்பாவும் வந்தால் நல்லது. பொங்கலுக்கு வரும்போது அவனிடம் நீ பேசு. சின்ன வயதிலிருந்தே நீ கேட்டு அவன் இல்லை என்று சொன்னதில்லை.

அன்புடன்,
அப்பா