முதலில் மேலதிகாரிக்குப் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியில் கோரமான காட்சிகளைப் பார்க்கும் காவலர்களுக்கு மனநலப் பயிற்சி தேவை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவைதான். ஆனால் யாருக்கு, எப்போது என்பதில்தான் ஓய்வுபெற்ற காவலனான எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

ஒரு சாலை விபத்து. பள்ளிக் குழந்தை. பிரேதத்தோடு இருந்த பொருள்களை நான்தான் பட்டியல் எழுதினேன்: 'நீல நிறச் செருப்பு, இடது கால் மட்டும், வார் அறுந்து ஊக்கு மாட்டியது.' எழுதும்போது கை நடுங்கவில்லை. அன்று ராத்திரி, வாசலில் கிடந்த என் மகளின் செருப்பைத் தாண்டி வீட்டுக்குள் போக முடியாமல் நின்றேன். மறுநாள் சொன்னபோது, "போகப் போகப் பழகிடும்பா" என்றார் மேலதிகாரி. கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பழகியது என்னவோ நிஜம்: அரைத் தூக்கமும், வீட்டில் எரிந்து விழுவதும் பழகின.

சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்லும் ஒரே தடவை அமர்வு 1980களில் பரவியது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002இல் சொல்லிவிட்டது. 2005இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் அதை வழக்கமாக்க வேண்டாம் என்றது. இன்னமும் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். போட்டோ எடுத்து ஃபைலில் வைக்க வசதி!

பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் மரீன்ஸ் படைப்பிரிவில் பிறந்து அங்கே காவல் துறைக்கும் வந்த 'டிரிம்' முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்களிலேயே சிலரைத் தயார் செய்கிறார்கள். சம்பவம் நடந்து மூன்று நாள் கழித்து அவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்து தூக்கம், குடி, கோபம் பற்றி விசாரிக்கிறார். ஒரு மாதம் கழித்து மறுபடி வருகிறார். அப்போதும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புகிறார்.

ஸ்பாட்டுக்கே போகாமல், குழந்தைகளை வதைக்கும் படங்களை நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பார்த்து வழக்குக் கட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பணி நிமித்தம் அப்படிப் பார்ப்பதும் பாதிப்புக்குக் காரணமாகலாம் என்று மனநோய்களை இனங்காண அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆகவே பயிற்சியை டூட்டி போடும் அதிகாரியிடமிருந்து தொடங்குங்கள். டாக்டரைப் பார்த்தேன் என்றால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு மேசை வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தக் காவலரும் வாய் திறக்க மாட்டார். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய டூட்டிக்கு எப்போது, எப்படித் திரும்பலாம் என்பதையும் அதே உத்தரவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் ஒருவர்