வீட்டுத்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: வண்ண மக்காச்சோள ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி பாரம்பரிய வண்ண மக்காச்சோள ரகங்களுக்கே சென்றது. மாதக் கூட்டங்களும் காய்கறி விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் குறிப்பேட்டில் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஏன் மக்காச்சோளம் என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஒரு வீட்டில் நான்கு செடி வைத்து விதை எடுத்தாலும் ரகம் நிலைத்து நிற்கும். மக்காச்சோளம் அப்படியல்ல. காற்றில் மகரந்தம் பரப்பி அயல் செடியோடு சேரும் பயிர் அது. ஒரு சில செடிகளிலிருந்தே திரும்பத் திரும்ப விதை எடுத்தால் சில தலைமுறைகளில் செடி குட்டையாகிவிடும், கதிர் சிறுத்துவிடும். ரகம் நலியாமல் இருக்க நூறு செடியாவது வேண்டும், இருநூறு இருந்தால் நல்லது என்பது விதை காப்பவர்களின் கணக்கு. அதற்கு எந்த வீட்டுத் தோட்டத்தில் இடமிருக்கிறது? தனி வீட்டில் மக்காச்சோளத்தை விளைவிக்கலாம், சமைத்து உண்ணலாம். ரகத்தைக் காப்பாற்றப் பல வீடுகள் சேர்ந்தாக வேண்டும். சங்கம் என்று ஒன்று இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வண்ணங்களை அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடி உழவர்கள் உருவாக்கிய பயிர் இது. நீலம், சிவப்பு, கருஊதா, பச்சை என்று ஒவ்வொன்றையும் ஒரு மக்கள் கூட்டம் தேர்ந்து, விதைத்து, கைமாற்றி வந்திருக்கிறது. எல்லா வயலிலும் ஒரே மரபு இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெரும்பாலான வீரிய ஒட்டு விதைகள் ஒரே வகை ஆண்மலட்டுத் (மகரந்தம் தராத) தாய்வழியில் உருவாக்கப்பட்டிருந்தன. 1970இல் இலைக்கருகல் நோய் அதைப் பற்றிக்கொண்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்தது. முதல் கூட்டத்தில் இதைச் சொன்ன பிறகு கேள்விகள் குறைந்தன, விதை கேட்டு வந்தவர்கள் கூடினார்கள்.

பயிரிட்ட ரகங்களில் எல்லோரும் முதலில் கேட்டது கிளாஸ் ஜெம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் செரோக்கி என்னும் பூர்வகுடி மரபில் வந்த கார்ல் பார்ன்ஸ் என்ற உழவர் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம் அது. 2012இல் அதன் படம் உலகெங்கும் பரவியது. தோகையை உரித்தால் ஒரே கதிரில் ஊதா, இளஞ்சிவப்பு, தேன்மஞ்சள், கடல்நீலம் என்று ஒளி ஊடுருவும் மணிகள். ஆனால் அது கடினமான பொரிச்சோள வகை. பொரித்தால் வெள்ளையாகவே மலரும், ஏனெனில் நிறம் மேல் அடுக்குகளில் மட்டுமே இருக்கிறது. சமையலுக்கு என் ஓட்டு, அரிசோனாவின் ஹோப்பி பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த நீல ரகத்துக்குத்தான். மணி மென்மையானது, கையால் சுற்றும் திரிகையிலும் நைஸாக அரையும், மாவில் ஒரு கொட்டை மணம் இருக்கும். பிளடி புட்சர் என்ற செம்மணி ரகம் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்தது. காற்றுக்குச் சாயாமல் இருக்க இரண்டு முறை மண் அணைக்க வேண்டியிருந்தது. பிளாக் ஆஸ்டெக், முற்றினால் கறுக்கும் பழைய இனிப்பு ரகம். பால் பருவத்தில், மணி இன்னும் வெள்ளையாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். நிறம் ஏறட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு மாவுச்சத்துதான் கிடைத்தது.

இனி இந்த ஆண்டின் பெரிய விவாதம். ஓர் உறுப்பினர் தோட்டத்தில் நீல மாவு ரகமும் மஞ்சள் இனிப்பு ரகமும் அருகருகே நின்று ஒரே வாரத்தில் பூத்தன. காய்ந்த பிறகு இனிப்புக் கதிரை உரித்தபோது, சுருங்கிய மஞ்சள் மணிகளுக்கு நடுவே ஆங்காங்கே வழவழப்பான, உப்பிய நீல மணிகள் உட்கார்ந்திருந்தன. வந்து விழுந்த மகரந்தத்தின் குணம் அதே ஆண்டில் மணியிலேயே தெரிவது மக்காச்சோளத்தின் தனித்தன்மை. நீலமும் மாவுத்தன்மையும் கலப்பில் மேலோங்கித் தெரியும் ஓங்கு பண்புகள் என்பதால், பட்ட இடத்தில் எல்லாம் வெளிப்பட்டன. பக்கத்து நீலக் கதிர்களோ மாசுமறுவின்றி இருந்தன. "நீலம் சுத்தம், அதை விதைக்கு வைக்கலாம்" என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. நீல மணிமேல் மஞ்சள் மகரந்தம் விழுந்தாலும் அது பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். கலப்பு அடுத்த தலைமுறையில்தான் வெளியே வரும். ஆகவே அந்தப் பாத்தியின் நீலக் கதிர்கள் அனைத்தும் சமையலறைக்கே போகட்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. பிளடி புட்சரின் கதை வேறு. அதன் சிவப்பு நிறம், மணியின் வெளித்தோலில் இருக்கிறது. தோல் தாய்ச்செடியின் திசு. யாருடைய மகரந்தம் பட்டாலும் அந்தக் கதிரில் தோலின் சிவப்பு மாறாது. அதனால் தோலின் நிறத்தை வைத்து அதன் தூய்மையை முடிவு செய்யவே முடியாது.

மணிகளின் நிறத்தைக் கூர்ந்து பார்ப்பது சிறுபிள்ளை வேலையல்ல என்று இளைய உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். புள்ளியும் கோடுமாக இருந்த மணிகளைப் பார்த்துப் பார்த்தே, மரபணுக்கள் இடம்பெயரும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்கிளின்டாக் 1940களில் கண்டறிந்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கலப்பைத் தவிர்க்கக் கைமகரந்தச் சேர்க்கைப் பயிற்சி ஒன்று நடத்தினோம். மகரந்தத்தை ஏற்கும் பட்டு இழைகள் கதிர் நுனியில் வெளியே வருவதற்கு முன்பே இளங்கதிருக்குக் காகித உறை மாட்ட வேண்டும். செடியின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்துக்கு முதல்நாள் மாலை உறை கட்டி, மறுநாள் பனி உலர்ந்ததும் தட்டினால் மஞ்சள் தூள் உறையில் சேரும். பல செடிகளின் தூளைக் கலந்து இழைகளின்மேல் தூவி உடனே மூடிவிட வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. இழை தவறினால் அந்த இடம் பொக்கையாகும். சில நாள் கழித்து ஒரு கதிரின் தோகையைப் பிளேடால் நீளவாக்கில் கீறி, தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறினோம். கருவுற்ற மணிகளின் இழைகள் தாமே உதிர்ந்தன. நுனியில் மட்டும் ஒரு கொத்து விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நுனி ஏன் காலியாகிறது என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தோம். ஒரே வரிசையாக நடாமல், குறைந்தது நான்கு குறுவரிசைகளாகச் சதுரப் பாத்தியில் நட வேண்டும் என்று சங்கம் வற்புறுத்துவதும் இந்த இழைகள் எல்லாவற்றிலும் மகரந்தம் படுவதற்காகத்தான்.

படைப்புழு எல்லோரையும் வாட்டியது. குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. காலையும் மாலையும் குருத்தைப் பார்த்து, இலையடியில் உள்ள முட்டைக் குவியலை நசுக்கியவர்களின் தோட்டங்களே தப்பின.

சமையல் கூட்டத்துக்குத்தான் ஆண்டிலேயே அதிகம் பேர் வந்திருந்தார்கள். ஒரு கிலோ உலர்ந்த மணிக்கு உணவுத் தரச் சுண்ணாம்பு சுமார் 10 கிராம் சேர்த்து, மூன்று லிட்டர் நீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் தோல் வழுவழுப்பாகக் கழன்று வந்தது. பலமுறை அலசி அரைத்து, தட்டி, சூடான கல்லில் சுட்டோம். நீல மாவு சுண்ணாம்பில் பச்சை கலந்த சாம்பல் நிறமாக மாறியது. எலுமிச்சைச் சாறு விட்ட ஓர் உருண்டை இளஞ்சிவப்பானது. நீலத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, சுண்ணாம்பின் காரத்தன்மைக்கும் எலுமிச்சையின் புளிப்புக்கும் அப்படி நிறம் மாறும். சுண்ணாம்பு சுவைக்கு மட்டுமல்ல, மணிக்குள் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமினை உடல் ஏற்கும் வடிவுக்கு விடுவிப்பதும் அதுதான். மெக்சிகோ மக்களுக்குத் தெரிந்திருந்த இந்த முறையை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துச் சென்ற ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் பிடித்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். காரணம் நியாசின் பற்றாக்குறை என்பது தெளிவாவதற்கு 1937 வரை ஆனது.

சேமிப்பில் கவனம் போதவில்லை. சில வீடுகளில் வண்டு புகுந்து நல்ல விதை மாவாகிவிட்டது. சுத்தியலால் அடித்தால் மணி நசுங்காமல் தெறிக்கும் அளவுக்குக் காய வைத்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, சில நாட்கள் ஃப்ரீசரில் வைத்தால் வண்டும் முட்டையும் மடியும். பூசணம் பட்ட மணியைக் கழுவிச் சமைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதில் நஞ்சு இருக்கலாம், வெந்தாலும் போகாது. எறிந்துவிடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பயிற்சிக்குத் தோட்டத்தையும் சமையலுக்கு அடுப்பையும் தந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இவை. ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் மட்டும். அண்டை வீடுகள் ஒரே ரகத்தைத் தேர்ந்துகொள்வது. இயலாத இடங்களில் பூக்கும் காலம் மோதாதபடி விதைப்பைக் குறைந்தது மூன்று வாரம் தள்ளிப்போடுவது. அறுவடையின்போது ஒவ்வொரு வீடும் ஒரே பெரிய கதிரைத் தராமல், பல செடிகளின் கதிர்களிலிருந்து ஒரு பிடி வீதம் எடுத்து, ரகப் பெயரும் ஆண்டும் எழுதிய உறையில் விதைக் காப்பாளரிடம் ஒப்படைப்பது. கையால் மகரந்தம் சேர்த்த கதிர்களைத் தனி உறையில் தர வேண்டும்.

இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்